கேள்வி கேட்க யாரைப் பழக்குகிறோம்?

(அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வு வாரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘நாளைய புற்றுநோய் ஆய்வாளர்கள்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். மரபணு வரிசையாக்கம், செயற்கை நுண்ணறிவு, நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று ஒரு பட்டியல் வரும் என எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறுவீர்கள். கருவிகள் வந்துகொண்டேதான் இருக்கும், காசிருந்தால் வாங்கிவிடலாம். நான் ஆட்களைப் பற்றிப் பேசப்போகிறேன். புற்றுநோய் ஆய்வுக்குள் யார் வருகிறார்கள், யார் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்புகிறார்கள், திரும்பியவர்களோடு எந்தெந்தக் கேள்விகளும் சேர்ந்து போய்விட்டன என்பதுதான் என் பேச்சு.

பேச்சு சிதறாமல் இருக்கக் கூடியவரை ஒரே நோயைப் பிடித்துக்கொள்கிறேன்: கருப்பை வாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது ஒரு வைரஸால் வருகிறது, தடுப்பூசி இருக்கிறது, புற்றாக மாறுவதற்கு முன் பல ஆண்டு அவகாசமும் தருகிறது. இவ்வளவு தெரிந்த ஒரு நோயில் இவ்வளவு பேர் ஏன் சாகிறார்கள் என்ற கேள்விக்கு மூலக்கூறுகளுக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது.

ஆய்வுக்கூடத்தில் கால் வைத்தவர்கள் எல்லோருக்கும் ஹீலா செல்களைத் தெரியும். 1951இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள் அவை. ஜார்ஜ் கை என்பவரின் கூடத்தில் அவை சாகாமல் பெருகின. அதே ஆண்டு அக்டோபரில் ஹென்ரியேட்டா இறந்துபோனார். இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான்.

இதன் அடுத்த பகுதி அவ்வளவாகத் தெரியாது. சால்க் தயாரித்த போலியோ தடுப்பூசியைச் சோதிக்க ஏராளமான செல்கள் தேவைப்பட்டன. அவற்றை மொத்தமாக வளர்த்து அனுப்பும் கூடம் 1953இல் அலபாமா மாநிலத்தில், கறுப்பின மாணவர்களுக்கென்று நடந்த டஸ்கீகி கல்விநிலையத்தில் அமைந்தது. ரஸல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்ற இரண்டு கறுப்பின அறிவியலாளர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் செல் வளர்ப்பைக் கற்றுக்கொண்டு வந்து, தம் ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1955க்குள் சுமார் 6 லட்சம் வளர்ப்புகள் அங்கிருந்து நாடெங்கும் போயின. நுட்பமான வேலைக்கு இவர்கள் லாயக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், பயிற்சி கிடைத்தவுடன் சில மாதங்களில் அந்த வேலை நடந்தது.

ஆனால் அதே டஸ்கீகியில், அதே ஆண்டுகளில், இன்னொன்றும் நடந்தது. சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை குறிப்பெடுத்தது. கறுப்பினச் செவிலியரும் மருத்துவர்களும் அதில் வேலை பார்த்தார்கள். கல்விநிலையத்தின் மருத்துவமனையும் துணை நின்றது. ஆகவே, ஒதுக்கப்பட்டவர்களில் நாலு பேரை உள்ளே சேர்த்துக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். செல் வளர்த்த கைகளும் சரி, நோயாளிகளை வண்டியில் ஏற்றி அழைத்துவந்த கைகளும் சரி, வேறு எங்கோ எழுதப்பட்ட கேள்விக்குத்தான் உழைத்தன. கைவேலைக்கு ஆள் எடுப்பது எல்லா நாட்டிலும் எப்போதும் நடந்திருக்கிறது. கேள்வி கேட்கப் பழக்குவது வேறு. நான் பயிற்சி என்று சொல்லும்போதெல்லாம் இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

அதே ஜார்ஜ் கையின் கூடத்துக்குப் பம்பாயிலிருந்து ஒரு பெண் போனார். கமல் ரணதிவே. 1917இல் புனேயில் பிறந்தவர். 1949இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அவருக்கு வழிகாட்டியவர் நோய்க்குறியியல் அறிஞர் வி.ஆர். கானோல்கர். பால்டிமோரில் திசு வளர்ப்பைக் கற்றுத் திரும்பிய ரணதிவே, பம்பாயின் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் நம் நாட்டின் முதல் திசு வளர்ப்புக் கூடத்தை அமைத்தார். எலிகளில் மார்பகப் புற்று, இரத்தப் புற்று என்று அவர் செய்த ஆய்வுகள் பாடநூல்களில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் படித்துக்கொள்ளலாம். எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்த காரியம் ஒன்று உண்டு. 1973இல் சக பெண் அறிவியலாளர்களோடு சேர்ந்து இந்தியப் பெண் அறிவியலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் நவி மும்பையின் வாஷியில் என்ன கட்டியது? வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு விடுதி. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம்.

இதைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் முகத்தில் ‘இதுவா ஆய்வுப் பயிற்சி’ என்ற தோற்றம் வருகிறது. ஆமாம், இதுதான். செல் வளர்ப்புக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஊடகம் மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றியாகவேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படும் ஊரில் ஒரு பெண் அந்த வேலையை எப்படிச் செய்வாள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? கூடத்தை நடத்திப் பார்த்தவருக்குத்தான் விடுதியும் காப்பகமும் ஆய்வுக் கருவிகள் என்று தோன்றும்.

விடுதி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஜுவல் பிளம்மர் காப், 1924இல் சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பெண். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களை அங்கே தனி வீட்டில்தான் தங்கவைத்தார்கள். பொறுக்காமல் வெளியேறி, அலபாமாவில் டல்லடீகா என்ற சிறிய கல்லூரியில் படித்து 1944இல் பட்டம் பெற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கான உதவித்தொகை கேட்டபோது நிறத்தைக் காரணமாக்கி மறுத்தார்கள். அவர் நேரிலேயே போய் நின்றார். சான்றிதழ்களையும் ஆளையும் பார்த்த பிறகு கொடுத்தார்கள். 1950இல் முனைவர். அதன்பின் ஹார்லெமில் ஜேன் ரைட் என்ற மருத்துவரோடு சேர்ந்து, நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டித் திசுவில் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார். இந்த ஜேன் ரைட்டும் கறுப்பினத்தவர்தான். 1964இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரில் ஒரே பெண் அவர். இன்று உலகெங்கும் உள்ள புற்றுநோய் மருத்துவர்கள் ஆண்டுதோறும் சிகாகோவில் கூடுகிறார்களே, அந்தச் சங்கம்.

காப் 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வுக்கூட வடிகட்டியை நமக்குத் தெரியும்: சவ்வின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான் கீழே இறங்கும். அறிவியலுக்குள் வரும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிப் பேராசிரியர் பதவிவரை இத்தகைய வடிகட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன, அவர்களுக்கு வைத்த சவ்வின் துளை ஆண்களுக்கு வைத்ததைவிடச் சிறியது என்பது அவருடைய வாதம். நான் இந்த வாதத்தை விரும்புவதற்குக் காரணம், அது யாருடைய கெட்ட மனசையும் தேடிப் போவதில்லை. எந்தக் கட்டத்தில், எந்த வலையில், எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று எண்ணச் சொல்கிறது. கனெக்டிகட் கல்லூரியில் முதல்வராக இருந்தபோது அவரே அதைச் செய்தும் காட்டினார். மருத்துவம் படிக்க விரும்பிய சிறுபான்மை மாணவர்களுக்கு உதவித்தொகை, பாடத்தில் தனிக் கவனம், வழிகாட்ட ஓர் ஆள் என்று ஒரு திட்டம் தொடங்கினார். பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது தெரியும். திறமை இருந்தால் வந்துவிடப் போகிறார்கள், அறிவியலுக்குச் சாதி ஏது, நிறம் ஏது என்பார்கள். இந்தக் கேள்வியை அமெரிக்காவில் எண்களால் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அங்கே மருத்துவ ஆய்வுக்குப் பெருமளவு நிதி தருவது தேசிய சுகாதார நிறுவனங்கள். படிப்பு, அனுபவம், வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2019இல் வந்த தொடர் ஆய்வுதான் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அவர்கள் தேர்ந்தெடுத்த தலைப்பால் வந்தது என்று அது காட்டியது. கறுப்பின ஆய்வாளர்கள் சமூகம், மக்கள்தொகை, சுகாதார ஏற்றத்தாழ்வு சார்ந்த கேள்விகளை அதிகம் எடுத்தார்கள். அந்தத் தலைப்புகளுக்கு, யார் எழுதி அனுப்பினாலும், நிதி குறைவாகவே கிடைத்தது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆள் மாறினால் கேள்வி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆளை உள்ளே விட்டுவிட்டு, அவர் கொண்டுவந்த கேள்வியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம் என்பதற்கும் அதுவே சாட்சி. நைஜீரியாவின் இபாதானில் மருத்துவம் படித்து சிகாகோவில் பணிபுரியும் ஒலுஃபுன்மிலாயோ ஒலொபாடே, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு மார்பகப் புற்று ஏன் இளவயதிலும் மூர்க்கமாகவும் வருகிறது என்று கேட்டார். அது அபூர்வமான கேள்வி இல்லை. இபாதானில் வார்டில் வேலை பார்த்த எவருக்கும் எழக்கூடியதுதான். கேட்க வல்ல இடத்தில் அப்படி ஒருவர் இருந்ததுதான் அபூர்வம். நிதியைப் பற்றிப் பேசுகையில் ஒரு செய்தியையும் சொல்லவேண்டும்: பல்வேறு பின்னணியினருக்கென்று அமெரிக்காவில் இருந்த ஆய்வுப் பயிற்சி நல்கைகள் பல 2025இல் அந்நாட்டு அரசாலேயே நிறுத்தப்பட்டன. நமக்கு முன்மாதிரி தேடி அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. கிராமத்துப் பெண் கிராமத்து நோயையும், தலித் மாணவர் தலித் சமூகத்தையும்தான் ஆராயவேண்டும் என்று யாரும் கட்டளை போடக்கூடாது. அது மிஷிகனில் இருந்ததுபோன்ற இன்னொரு தனி வீடு. திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவிக்குப் புரதம் மடிவதில்தான் ஆர்வம் என்றால், அவள் புரதத்தோடு இருக்கட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரிக்குள் போய்ப் படித்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய தொண்டைப் போற்றிப் பேசும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர் ஒரு கல்லூரியையும் கட்டினார். புற்றுநோய் மருத்துவத்திலும் புற்றுநோய் அறுவையிலும் உயர்சிறப்புப் பட்டப்படிப்புகள் இந்தியாவிலேயே முதலில் அங்கேதான் 1984இல் தொடங்கின. தொண்டு செய்யும் இடமாக மட்டும் இருந்திருந்தால் அது அடையாற்றோடு நின்றிருக்கும். அங்கே பயின்றவர்கள் வெளியூர்களுக்குப் போனதால்தான் சென்னைக்கு வெளியிலும் ஓர் ஊரில் நின்றுகொண்டு புற்றுநோயைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அம்பிலிக்கை.

2000ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. கேள்வி மிக எளியது. கருப்பை வாய்ப் புற்றைக் கண்டறியும் வழக்கமான பாப் பரிசோதனைக்குச் செல்களை எடுத்துக் கண்ணாடியில் தடவி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, படித்துச் சொல்லத் தேர்ந்த ஒருவர் வேண்டும். முடிவு வந்ததும் அந்தப் பெண் மறுபடி வரவேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு மறுபடி வருவது என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு. அதற்குப் பதிலாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்துத் தெரியும் இடத்தைக் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் அன்றைக்கே உறையவைத்து அழித்துவிட்டால் உயிர் பிழைப்பார்களா? பார்ப்பதும் உறையவைப்பதும் செவிலியர். டாக்டர் இல்லை.

114 ஊராட்சித் தொகுதிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள். 57 தொகுதிகளில் பரிசோதனை. 57இல் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை மட்டும். 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் செவிலியர் பரிசோதித்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே புதிதாகப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஆய்வை முன்னின்று நடத்தியவர் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆர். சங்கரநாராயணன், முன்பு திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர். மும்பையின் குடிசைப் பகுதிகளில் பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து நடத்திய இன்னோர் ஆய்வில் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. செவிலியரும் பத்தாம் வகுப்புப் பெண்களும் செய்து காட்டிய வேலைக்கு உலகம் பிறகு வழிகாட்டு நெறிகள் எழுதியது.

பெருமைப்படலாம். ஆனால் இந்த ஆய்வுகளை நான் கொஞ்சம் சங்கடத்தோடுதான் படிக்கிறேன். ஒப்பீட்டுக்கென்று விடப்பட்ட ஊர்களின் பெண்களுக்குப் பரிசோதனை இல்லை. பரிசோதித்தால் நன்மை உண்டு என்பது அடிப்படையில் தெரிந்த நோயில் அப்படி ஒரு குழுவை வைத்திருக்கலாமா என்று மருத்துவ இதழ்களில் கடுமையான வாதம் நடந்தது. நடத்தியவர்களுக்கும் பதில் இருந்தது: இந்தியாவில் வழக்கமான சிகிச்சை என்பதே பரிசோதனை இல்லாமைதான். இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள் இருந்தார்கள். என் கேள்வி வேறு. அந்த வாதம் மருத்துவ இதழ்களின் தாள்களில் நடந்தது. ஆய்வுக்கு அனுமதி தரும் மேசையில் அந்த 114 தொகுதிகளில் ஏதாவது ஒன்றிலிருந்து, முறைகளைப் படித்துப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி போடக்கூடிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஆய்வின் வடிவம் வேறாக இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது.

இன்னொன்று. பரிசோதனைக்கு அழைத்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. ஏன் என்று யாருக்குத் தெரியும்? அழைக்கப் போன செவிலியருக்குத் தெரியும். எந்தத் தெருவில் மாமியார் விடவில்லை, எந்த ஊரில் அன்றைக்குத் திருவிழா, யாருக்கு ‘அந்த இடத்தை’க் காட்ட வெட்கம், எந்தத் தெருக்காரர்கள் இன்னொரு தெருவில் போட்ட முகாமுக்குள் கால் வைக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அதை ஓர் ஆய்வுக் கேள்வியாக எழுதி, மாதிரி எடுத்து, எண்ணிக் காட்ட அவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்தோம். கேட்கப் பயிற்சி கொடுக்கவில்லை. டஸ்கீகியில் செல் வளர்த்தவர்களின் நிலைமையும் இதுதான்.

இப்படிக் கேட்க ஆள் இல்லாதபோது நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்குக் கம்மம் ஓர் உதாரணம். 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் பலர் பழங்குடியினர். சம்மதப் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து இருந்தது. சில சிறுமிகளின் இறப்பு பெரும் பிரச்சினையானது. இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணை சொன்னபோதும் யாரும் கேட்கும் மனநிலையில் இல்லை. 2010இல் திட்டம் நின்றது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. உள்ளபடி நல்ல ஒரு தடுப்பூசி, ஒரு தலைமுறைச் சிறுமிகளுக்குக் கெட்ட பெயரோடு போய்ச் சேர்ந்தது. கோயா பேசத் தெரிந்த, அந்தத் தாய்மார்களிடம் உட்கார்ந்து பதில் சொல்லத் தெரிந்த ஆய்வாளர்கள் திட்டம் போடும் இடத்திலேயே இருந்திருக்கவேண்டும்.

இப்போது நம் வடிகட்டிகளை எண்ணுவோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்த வழியில் வருகிறார்கள். இந்த அரங்கிலும் இருப்பார்கள். முதல் வலையை அரசு அகலப்படுத்திவிட்டது. அடுத்தவை நம் கையில். வீட்டில் முதல் பட்டதாரி. கல்விக் கடன், தங்கை கல்யாணம். அவரிடம் போய், ஐந்தாண்டு ஆய்வு செய், இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37 ஆயிரம் ரூபாய் என்று சொல்கிறோம். தொகை மோசமில்லை. அது மாதாமாதம் வந்தால். ஆறு மாதம் சேர்த்து ஒரே தடவையாக வருவதை வசதியான வீட்டுப் பிள்ளை தாங்கும். இன்னொரு பிள்ளை அந்த ஆறு மாதத்துக்குள் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போய்விடும். அதன்பின் ‘இவர்களுக்கு ஆய்வில் ஈடுபாடில்லை’ என்று நாம் அறிக்கை எழுதுவோம்.

ஆங்கிலமும் ஒரு வலைதான். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆகவேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. யோசிப்பதையும் ஆங்கிலத்தில் செய் என்று ஏன் சொல்கிறோம்? துறைக் கூட்டத்தில் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டால் சிரிக்கிறவர்கள் இருக்கும்வரை, அந்த மாணவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். இதை மாற்றப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2023இல் அரசு வீடு வீடாக அழைத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலும் குரோமியக் கழிவும் உண்டு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது ஐயமற்ற உண்மை. ஈரோட்டில் சாயப்பட்டறைகள். அங்கெல்லாம் புற்று அதிகம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிக் கேட்கத் தோன்றுவது யாருக்கு என்று கேட்கிறேன். தோல்ஷாப்புக்கு வேலைக்குப் போய் இருமிக்கொண்டே வீடு திரும்பும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு. அவள் இன்றைக்கு எங்கே படிக்கிறாள், அவளுக்கு நோய்ப்பரவியல் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது, ஒரு புதிய கருவி வாங்குவதைவிட அவசரமான ஆய்வுத் திட்டம் என்பது என் கட்சி.

உங்களால் இந்த ஆண்டே செய்யக்கூடியவை சில. நம் நாட்டில் புற்றுநோய்ப் பதிவேடுகள் வளர்ந்ததே, களப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகவும் இறப்புப் பதிவு அலுவலகங்களிலும் ஏறி இறங்கி ஒவ்வொரு பெயராகத் தேடி எழுதியதால்தான். இரண்டாம் ஆண்டு மாணவர்களை அவர்களோடு இரண்டு வாரம் அனுப்புங்கள். முகவரி சரியில்லாத ஒரு நோயாளியைத் தேடி அலைந்தவருக்குப் புள்ளிவிவரத்தில் விடுபட்டவர்கள் யார் என்பது சொல்லாமலே புரியும். தரவைச் சேகரித்த செவிலியரின் பெயரைக் கட்டுரையின் நன்றியுரையில் போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். கேள்வியிலும் பகுப்பாய்விலும் அவரைச் சேர்த்து, ஆசிரியர் வரிசையில் போடுங்கள். இந்தக் கட்டடத்தில் குழந்தைக் காப்பகம் இல்லை என்று வரும்போதே கவனித்தேன். மூன்றாம் மாடியில் உள்ள கருவி அறையின் குளிர்சாதனச் செலவில் ஒரு காப்பகம் நடத்திவிடலாம்.

கடைசியாக ஒன்று. முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளை அடுத்த மாதம் முடிவு செய்யப்போகிறீர்கள் என்று முதல்வர் சொன்னார். வழக்கமாக வழிகாட்டி ஒரு தலைப்பைச் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார், மூன்றாண்டு கழித்து அது அலமாரிக்குப் போகும். இந்த முறை அந்தக் கூட்டத்துக்கு இந்த மாவட்டத்தின் கிராம சுகாதார செவிலியர் இரண்டு பேரை அழையுங்கள். அவர்களுக்கு உங்கள் மேசையிலேயே நாற்காலி போடுங்கள், ஓரத்தில் வேண்டாம். முதலில் அவர்களைப் பேசவிட்டு, அவர்கள் சொல்வதில் ஒரு தலைப்பையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் கட்டணமும் ஒரு நாள் படியும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேண்டாம்.